எத்தனை பேரைப் பார்த்தோம்? குமரி மாவட்டத் தொழுநோய்க் கணக்கு குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மருத்துவப் பணிகள் துணை இயக்குநர் (தொழுநோய்) அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் தொழுநோய்க் களப்பணியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மடலில் கேட்பது ஒரே காரியம்தான். நம் மாவட்டத்தில் தொழுநோய் எப்படிக் குறைந்து வந்தது என்ற கணக்கை, பழைய பதிவேடுகள் தொடங்கும் காலத்திலிருந்து இன்றுவரை, ஒன்றியம் ஒன்றியமாகப் பொதுவில் வையுங்கள். ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் கண்டுபிடித்த நோயாளிகள் எத்தனை பேர் என்பதற்குப் பக்கத்திலேயே, அந்த ஆண்டு எத்தனை பேரின் தோலைப் பார்த்தோம் என்ற எண்ணையும் போடுங்கள். இந்த இரண்டாவது எண் இல்லாமல் முதல் எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

நோய் குறையவில்லை என்று நான் சொல்லவில்லை. குறைந்திருக்கிறது, எங்கள் கண்முன்னேயே குறைந்தது. 1983இல் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது நாட்டில் பத்தாயிரம் பேருக்குச் சுமார் 58 நோயாளிகள் இருந்தார்கள். 2005 டிசம்பரில் அது ஒன்றுக்குக் கீழே வந்தது. முதல் காரணம் கூட்டு மருந்து சிகிச்சை. அதற்கு முன்பு கையில் இருந்தது டாப்சோன் மட்டும். வருடக்கணக்கில், பலருக்கு ஆயுள் முழுக்க, அதை விழுங்க வேண்டியிருந்தது. போகப்போகக் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமலும் போனது. ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. அதன் பிறகுதான் நிலைமை மாறியது. மாதம் ஒருமுறை ரிஃபாம்பிசினை எங்கள் முன்னால் வைத்தே விழுங்கச் சொல்வோம். முதல் வேளையிலேயே பெரும்பாலான கிருமி செத்துவிடும் என்று தைரியம் சொல்லி அனுப்புவோம். பிசிஜி தடுப்பூசியும், ஓலை வீடுகள் போய் ஓட்டு வீடும் கான்கிரீட் வீடும் வந்ததும், நம் மாவட்டப் பெண்கள் படித்ததும் சேர்ந்து நோயைக் கீழே இறக்கியிருக்கின்றன.

ஆனால் பதிவேட்டு எண்ணிக்கை இன்னொரு வழியிலும் இறங்கும். ஓர் ஊரில் வருடத்துக்குப் பத்துப் பேருக்குப் புதிதாக நோய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் பத்து வருடம் மருந்து சாப்பிட வேண்டும் என்றால் பதிவேட்டில் எப்போதும் நூறு பெயர் இருக்கும். சிகிச்சைக் காலம் இரண்டு வருடம் என்று மாறினால் இருபது பெயர். ஒரு வருடம் என்று மாறினால் பத்துப் பெயர். ஊரில் வருடத்துக்குப் பத்துப் பேருக்கு நோய் வருவது அப்படியே இருக்கிறது, பதிவேட்டில் மட்டும் தொண்ணூறு பெயர் குறைந்துவிட்டது. நாட்டில் நடந்ததிலும் இதற்கு ஒரு பங்கு உண்டு. கிருமி அதிகமுள்ள வகைக்கு முதலில் குறைந்தது 24 மாதம் மருந்து கொடுத்தோம், 1990களின் பிற்பகுதியில் அது 12 மாதம் ஆனது. கிருமி குறைவான வகைக்கு 6 மாதம். மருத்துவத்தில் இது சரியான முடிவு, நோயாளிக்கும் பெரிய நிம்மதி. ஆனால் 2005இல் நாம் கொண்டாடிய எண்ணில் நோய் குறைந்ததன் பங்கு எவ்வளவு, பெயர் சீக்கிரம் அடிக்கப்பட்டதன் பங்கு எவ்வளவு என்று நம் மாவட்ட மக்களுக்கு யாரும் பிரித்துக் காட்டியதில்லை.

அதோடு தேடலும் குறைந்தது. பழைய அமைப்பில் இருபது, இருபத்தைந்தாயிரம் மக்களுக்கு ஒரு களப்பணியாளர் இருந்தார். வீடு வீடாகப் போவது, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவது, பிள்ளைகளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்தில் நிறுத்தி முதுகைப் பார்ப்பது, இதுதான் அவருக்கு வேலை. வெளிறிய படை இருந்தால் பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா நுனியால் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வோம். படைக்கு வெளியே தொட்டால் டக்கென்று காட்டும் பிள்ளை, படைக்குள் தொட்டால் சும்மா நிற்கும். அப்புறம் முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பைத் தடவிப் பார்ப்போம், தடித்திருக்கிறதா என்று. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். பழக்கமும் பொறுமையும் இருந்தால் போதும்.

பிறகு தொழுநோய்ப் பணி பொது சுகாதாரத்தோடு இணைக்கப்பட்டது. தனி ஆட்கள் கொசு ஒழிப்புக்கும் காய்ச்சல் கணக்கெடுப்புக்கும் மற்ற வேலைகளுக்கும் போனார்கள். இணைத்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். தொழுநோய்க்கென்று தனி வண்டி வந்து நின்றால் ஊரே எட்டிப் பார்க்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மற்றவர்களோடு ஒருவராக மருந்து வாங்கிப் போவது எவ்வளவோ மேல். ஆனால் அதன் பிறகு நோயாளி தானாக வந்தால்தான் நோய் கணக்கில் ஏறும் என்ற நிலை வந்துவிட்டது. வலியே இல்லாத ஒரு நோய்க்கு எவர் தானாக வருவார்?

தேடினால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2016இல் 20 மாநிலங்களில் 163 மாவட்டங்களில் வீடு வீடாகத் தேடும் இயக்கம் நடந்தபோது 34,000க்கும் அதிகமான புதிய நோயாளிகள் கிடைத்தார்கள். அவ்வளவு பேரும் அதுவரை தங்கள் வீடுகளில்தான் இருந்தார்கள். தேடாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காட்டியது. 2019-20இல் இந்தியாவில் 1,14,451 புதிய நோயாளிகள். 2020-21இல் 65,147. ஒரே வருடத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைவு. 2022-23இல் மறுபடி ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட உடம்புக்குள் கிடந்து வெளிப்படும் கிருமி இது. ஓர் ஊரடங்கில் நோய் அவ்வளவு குறைந்து, ஊரடங்கு முடிந்ததும் கூடுவதற்கு வழியே கிடையாது. குறைந்து கூடியது நம் தேடல்தான்.

அதனால்தான் நீண்ட காலக் கணக்கு கேட்கிறேன். இன்று மேல்புறம் ஒன்றியத்தில் ஒருவருக்குப் படை தெரிகிறது என்றால் கிருமி அவருக்குள் போனது பல வருடங்களுக்கு முன்பு. போன வருடத்தை இந்த வருடத்தோடு ஒப்பிட்டுக் கூட்டத்தில் வாசிப்பதில் பயன் இல்லை. ஐந்து ஐந்து வருடங்களாகச் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும். வரைபடம் போட்டால் அதில் சிகிச்சைக் காலம் மாறிய ஆண்டு, பணி இணைக்கப்பட்ட ஆண்டு, வீடு வீடாகத் தேடிய ஆண்டுகள், கொரோனா ஆண்டு எல்லாவற்றையும் குறித்துவிடுங்கள். கோடு எங்கே நோயால் இறங்கியது, எங்கே நம்மால் இறங்கியது என்று படிப்பவருக்கே புரியும். ஊர்ப் பெயர் வேண்டாம், ஒன்றிய அளவு போதும். எண்ணிக்கை சிறியதாக இருக்கும் இடங்களில் ஊர்ப் பெயர் போட்டால் ஆளையே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மொத்த எண்ணிக்கையைவிட இரண்டு எண்களை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒன்று, புதிய நோயாளிகளில் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் எத்தனை பேர். பிள்ளைக்கு நோய் வந்திருக்கிறது என்றால் பக்கத்தில் சிகிச்சை இல்லாமல் ஒரு பெரியவர் இருக்கிறார், பரவல் இப்போதும் நடக்கிறது என்று அர்த்தம். இரண்டு, கண்டுபிடித்த நாளிலேயே கை மடங்கியோ, பாதம் தொங்கியோ, கண் மூட முடியாமலோ வந்தவர்கள் எத்தனை பேர். இந்த எண் நோயாளியைப் பற்றியது அல்ல, நம்மைப் பற்றியது. அவரை நாம் எவ்வளவு காலம் பார்க்காமல் விட்டோம் என்பதைச் சொல்கிறது. மாவட்டத்தில் வருடத்துக்குச் சில பேர்தான் என்று இந்த எண்ணைத் தள்ளிவிடக் கூடாது. அந்தச் சில பேரும் சில வருடங்களுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டியவர்கள்.

குமரியில் ஏன் விட்டுப்போகிறது என்பதற்கு நம் மண்ணுக்கே உரிய காரணங்கள் உண்டு. அதிகாரிகள் மாறுதலில் வருகிறார்கள், போகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விளவங்கோடு பக்கம் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்யும் பெண்களின் கைகளைப் பாருங்கள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுத் தோல் கறுத்து, உரிந்து, கொப்புளித்துக் கிடக்கும். அந்தக் கையில் ஒரு விரலில் உணர்ச்சி இல்லை என்றால் அவளுக்கே தெரியாது. தெரிந்தாலும் 'அண்டி எண்ணெய்' என்று விட்டுவிடுவாள். கருப்பட்டி காய்ச்சுகிற வீடுகளில் சூடுபட்ட தழும்பு சாதாரணம். கடையால், அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுகிறவர் விடியுமுன் இருட்டில் மரத்துக்கு மரம் நடப்பவர். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கத் தொடங்கினால் கத்தி பிடித்துப் பிடித்து வந்தது என்று நினைப்பார். அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஒரு தனியார் மருத்துவமனையில் நீண்ட காலம் சத்து ஊசி போட்டார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி யாரும் முதுகைப் பார்க்கவில்லை. முதுகில் படை படையாக இருந்தது. எங்களிடம் வந்து சேர்ந்தபோது விரல்கள் நிமிராத நிலைக்குப் போய்விட்டன. குடும்பத்தில் ஒரே சம்பாத்தியம் அவருடையதுதான்.

கடற்கரையில் வேறு கதை. தூத்தூர், முட்டம், குளச்சல் பக்கத்து ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரைக்கு வர மாட்டார்கள். பகல் பதினொரு மணிக்கு வீட்டு வாசலில் நின்று ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போகும் கணக்கெடுப்பு அவர்களை ஒருநாளும் பார்க்காது. இன்னொரு பெரிய கூட்டம் வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. அங்கே வேலை விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் தொழுநோய் இருந்தால் தகுதி இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஏஜென்டுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் ஒரு பையன் தோளில் இருக்கும் படையை யாரிடம் காட்டுவான்? சீமை அகத்திக் களிம்பு தடவுவான், தேமல் என்பான். குளோஃபசிமின் சாப்பிட்டால் தோல் கறுக்கும், ஊரார் கண்டுபிடிப்பார்கள் என்ற பயத்தில் மாத்திரை அட்டையை நடுவிலேயே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. கல்யாணத்துக்குப் பேசி வைத்திருக்கும் பெண்ணின் வீட்டில் இந்தப் பயம் இன்னும் அதிகம். அவளைப் பார்க்கப் பெண் பணியாளர் வேண்டும். தனி அறை வேண்டும், வெளியே சொல்ல மாட்டோம் என்ற நம்பிக்கையும் வேண்டும்.

அப்புறம் எல்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று யாருக்கும் தெரியாத இடத்தில் போய் வைத்தியம் பார்ப்பது நம் மேற்குப் பகுதியில் பழைய பழக்கம். இப்படிப் போகிறவர் நம் பதிவேட்டில் ஏற மாட்டார். அவர் வீட்டில் இருப்பவர்களை யாரும் பரிசோதிக்க மாட்டார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்துத் தொழுநோய்ப் பிரிவோடு மாதம் ஒருமுறை பட்டியலைப் பரிமாறிக்கொள்ள ஒரு ஏற்பாடு செய்தாலே போதும். நம் மாவட்டத் தனியார் தோல் மருத்துவர்களிடமும் இதே மாதிரி கேட்டு வாங்க வேண்டும்.

நம் மாவட்டம் 'கிராமப்புறமா' என்பதே ஒரு சிக்கல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரியில் 18,70,374 பேர். அதில் 82 சதவீதத்துக்கு மேல் நகர்ப்புறம் என்று எழுதியிருக்கிறது. காரணம், நமக்குப் பேரூராட்சிகள் அதிகம். அந்தப் பேரூராட்சிகளுக்குள் போய்ப் பாருங்கள்: தென்னந்தோப்பு, மரச்சீனி விளை (மரவள்ளித் தோட்டம்), ரப்பர் தோட்டம், குளம். கிராமம்தான் அது, காகிதத்தில் மட்டும் நகரம். தொழுநோய் விழிப்புணர்வுக்காக 2017இல் தொடங்கிய ஸ்பர்ஷ் இயக்கம், தொழுநோய் ஒழிப்பு நாளான ஜனவரி 30ஐ ஒட்டிக் கிராம சபைகளை மையமாக வைத்து நடக்கிறது. கிராம சபை ஊராட்சிகளுக்குத்தான் உண்டு. வீடு வீடாகத் தேடுவதற்கு நாடு முழுக்க நம்பியிருப்பது ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பெண் பணியாளர்களை. நம் மாநிலத்தில் அவர்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளில்தான் இருக்கிறார்கள். அப்படியானால் பேச்சிப்பாறை மலையில் காணி மக்களிடம் ஆள் போகலாம். கருங்கல், திங்கள்நகர், அருமனை போன்ற பேரூராட்சிகளின் விளைகளுக்கு யார் போவது?

அதற்கு ஆள் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போகிறார்கள், வீட்டுக்காரர்களுக்கு அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பார்க்கும்போதே உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கை, முகம், முதுகு பார்க்க அவர்களுக்கு முறையான பயிற்சி கொடுங்கள். அந்த வேலைக்குத் தனி ஊக்கத்தொகையும் கொடுங்கள், இலவசமாகச் சுமத்த வேண்டாம். மீன்பிடித் தடைக்காலத்தில் மேற்குக் கடற்கரையில் ஆண்கள் கரையில் இருக்கும் வாரங்களைப் பிடித்து அங்கே முகாம் போடுங்கள். பால்வெட்டுகிறவர்களைத் தோட்டத்தில் வேலை முடிகிற நேரத்தில் பாருங்கள்.

புதிய நோயாளி ஒருவர் கிடைத்தால் வேலை அவரோடு முடியக் கூடாது. அவர் வீட்டார், பக்கத்து வீட்டார் எல்லோரையும் பார்த்து, நோய் இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பது இப்போது நம் நாட்டுத் திட்டத்திலேயே இருக்கிறது. வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில் இப்படிக் கொடுத்தபோது முதல் இரண்டு வருடங்களில் தொடர்பில் இருந்தவர்களுக்கு நோய் வருவது 57 சதவீதம் குறைந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்கு மாத்திரை கொண்டு போனால் நோயாளி யார் என்று தெரிந்துவிடுமே? தெருவில் எல்லோருக்கும் தோல் முகாம் என்று அறிவித்து, அதில் சேர்த்து முடிக்கலாம். நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், கவனமாகச் சொல்கிறேன். செங்கல் சூளை, கட்டட வேலை, ரப்பர் தோட்டம், மீன் கம்பெனி என்று ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், சத்தீஸ்கர் மாநிலத்தவர் இங்கே நிறைய இருக்கிறார்கள். அந்த மாநிலங்களில் தொழுநோய் நம்மைவிட அதிகம். இதைச் சொன்னவுடன் 'அவர்கள்தான் கொண்டு வருகிறார்கள்' என்று ஒரு பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்துவிடாதீர்கள். அவர்களில் ஒருவருக்கு நோய் இருந்து, துரத்தப்படுவோம் என்று பயந்து மறைத்தால் அவருக்கும் கேடு, நமக்கும் கேடு. வேலை போகாது, மருந்து இலவசம், ஊர் மாறினால் அந்த ஊரில் தொடரலாம் என்று அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல ஆள் போடுங்கள். நம் பிள்ளைகள் துபாயிலும் மஸ்கட்டிலும் எந்த நிலையில் இருக்கிறார்களோ, அந்த நிலையில்தான் இவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

சிகிச்சை முடிந்தவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை என்பது என் பெரிய வருத்தம். மருந்து முடிந்ததும் பெயர் அடிக்கப்படுகிறது. ஆனால் சிகிச்சை நடக்கும்போதும் முடிந்த பிறகும் எதிர்வினை வரலாம்: படைகள் சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும். அந்த வாரமே வீக்கத்தைக் குறைக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை தொடங்கினால் கை பிழைக்கும், தாமதித்தால் போய்விடும். இதை அடையாளம் காணும் இளம் மருத்துவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், நோயாளியைப் பார்த்துப் பழக வாய்ப்பே இல்லாததால். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்புங்கள். உணர்ச்சி இல்லாத பாதத்தில் புண் வந்தவர்களுக்கு, எம்சிஆர் எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பு வருடத்துக்கு ஒருமுறை முகாமில் போட்டோ எடுத்துக் கொடுப்பது போதாது. மழைக்காலத்தில் சேற்றில் நடக்கும் ஊர் இது, செருப்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். தேய்ந்தபோது மாற்றிக் கொடுக்க வேண்டும். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்குத் தகுதி இருந்தும் சான்றிதழுக்கு அலைந்து கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு 2019இல் போனது. சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் ஒரு சான்றிதழுக்காக விரல் மடங்கியவர் மூன்று அலுவலகம் ஏறி இறங்குவது நியாயமே இல்லை.

2027க்குள் பரவலை நிறுத்துவது என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. பூச்சியம் என்று எழுதும் அழுத்தம் கீழே வரை வரும். களத்தில் இருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: தேடி நோயாளியைக் கண்டுபிடித்த செவிலியருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் பாராட்டுக் கொடுங்கள். எண்ணிக்கை கூடியதற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பினால் அடுத்த வருடம் எண்ணிக்கை தானாகக் குறையும், நோய் அப்படியே இருக்கும்.

வரும் ஜனவரி 30க்குள் ஒன்பது ஒன்றியங்களுக்கும், அவற்றின் எல்லைக்குள் வரும் பேரூராட்சிகளையும் நகராட்சிகளையும் சேர்த்து, நாகர்கோவில் மாநகராட்சிக்குத் தனியாக, முதல் பட்டியலை மாவட்ட இணையதளத்தில் போட முடியும். பழைய பதிவேடுகளின் சுருக்கெழுத்தும் குறியீடுகளும் புதியவர்களுக்குப் புரியாது. என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம், தன்னார்வலர்களுக்கு நரம்பு தொட்டுப் பார்க்கவும் கற்றுத் தருகிறோம், இதற்குச் சம்பளம் வேண்டாம். பதிவேடுகள் எந்த அறையில் இருக்கின்றன என்று கண்டுபிடித்து, கரையான் அரிக்காத இடத்துக்கு அவற்றை மாற்றும் உத்தரவை மட்டும் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழுநோய்க் களப்பணியாளர்,
விளவங்கோடு வட்டம்.